‘எல்லாரையும் ஒரே மாதிரிதான் பார்க்கிறோம்’ என்பது போதுமா?

புற்றுநோய்ப் பிரிவில் வேலை பார்க்கும் மருத்துவர்களும் செவிலியர்களும் மனதார நம்பிச் சொல்வது இது: “எங்களுக்கு எல்லா நோயாளியும் ஒண்ணுதான். பாகுபாடே காட்டறதில்லை. தன்பாலின ஈர்ப்பாளர், திருநர்னு வந்தா மட்டும் பேசறதுக்கு எதுக்குத் தனியா ஒரு பயிற்சி?” நல்ல மனதிலிருந்து வரும் கேள்வி. நிதானமாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வியும்கூட. டீயை எடுத்துக்கொள்ளுங்கள், பேசுவோம்.

வீட்டுக்கு வந்தவருக்கு டீ போடும்போது “சர்க்கரை போடலாமா?” என்று கேட்கிறோம். அப்படிக் கேட்பது அவரைப் பிரித்துப் பார்ப்பதாகாது. கேட்காமலேயே எல்லோருக்கும் இரண்டு ஸ்பூன் போடுவது சமமாக நடத்துவதும் ஆகாது. பெரும்பாலானவர்களுக்குப் பொருந்துவதை எல்லோருக்கும் பொருத்திவிடும் இந்தப் பழக்கம், புற்றுநோய் மருத்துவத்தில் உயிருக்கே உலை வைக்கும்.

நம் ஊர் ஓ.பி.யையே பாருங்கள். பாலுறவு பற்றி ஒரு பெண்ணிடம் நேராகக் கேட்கக் கூச்சப்பட்டு, “கல்யாணம் ஆயிடுச்சாம்மா?” என்று கேட்பது வழக்கம். இன்னொரு பெண்ணோடு வாழும் ஒருவர் “இல்லை” என்றுதான் சொல்வார். அவர் சொன்னது உண்மை. ஆனால் அந்த ஒரு சொல்லை வைத்து ‘இவருக்குப் பாப் ஸ்மியர் தேவையில்லை’ என்று முடிவு கட்டினால் அது தவறு. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் ஹெச்பிவி வைரஸ், பெண்ணிடமிருந்து பெண்ணுக்கும் பரவக்கூடியது.

திருநர் விஷயத்தில் ஆபத்து இன்னும் கூடுதல். திருநங்கை ஒருவர் அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்தாலும், புராஸ்டேட் சுரப்பியைப் பெரும்பாலும் எடுப்பதில்லை. ஹார்மோன் எடுத்துக்கொள்பவருக்கு, அந்தச் சுரப்பியைச் சோதிக்க ரத்தத்தில் பார்க்கும் பிஎஸ்ஏ அளவு தாழ்ந்திருக்கும். வழக்கமான அளவுகோலை வைத்துப் பார்த்து ‘நார்மல்’ என்று ஏமாந்துவிடலாம். திருநம்பிக்குக் கர்ப்பப்பை வாய் இருக்கும்வரை அதற்கான பரிசோதனை வேண்டும். மார்பை நீக்கிய பிறகும் கொஞ்சம் திசு மிஞ்சியிருக்கலாம். ஓ.பி. சீட்டில் ஆண், பெண் என்று போட்டிருப்பதைப் பார்த்தால் இதெல்லாம் தெரியாது. நோயாளி வாய் திறந்து சொன்னால்தான் தெரியும்.

அவர் சொன்ன பிறகும் மருத்துவர்கள் கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ராபர்ட் ஈட்ஸ் வாழ்க்கை சாட்சி. ஜார்ஜியா மாநிலத்தில் வாழ்ந்த திருநம்பி அவர். 1996-இல் அவருக்குச் சினைப்பையில் புற்றுநோய் கண்டறியப்பட்டது. இருபதுக்கும் மேற்பட்ட மருத்துவர்கள் சிகிச்சை தர மறுத்தார்கள். இப்படி ஒருவரைச் சேர்த்துக்கொண்டால் மற்ற நோயாளிகள் என்ன நினைப்பார்கள் என்ற தயக்கம் அவர்களுக்கு. சிகிச்சை கிடைப்பதற்குள் நோய் பரவிவிட்டது. 1999 ஜனவரியில், 53 வயதில் இறந்துபோனார். அவருடைய கடைசி வருடத்தைச் சொல்லும் ‘சதர்ன் கம்ஃபர்ட்’ ஆவணப்படம் 2001-இல் வெளிவந்தது.

அது கதவைச் சாத்திய காலம். இன்று கதவைத் திறந்து வைத்திருக்கும் மருத்துவர்களுக்கும் போதிய அறிவு இருக்கிறதா? 2019-இல் ‘ஜர்னல் ஆஃப் கிளினிக்கல் ஆன்காலஜி’ இதழில் வந்த ஆய்வில், அமெரிக்காவின் முன்னணிப் புற்றுநோய் மையங்களைச் சேர்ந்த 149 மருத்துவர்கள் பங்கேற்றார்கள். தன்பாலின, இருபாலின ஈர்ப்புள்ள நோயாளிகளின் தேவைகள் தெரியும் என்று முதலில் 53 சதவீதத்தினர் உறுதியாகச் சொன்னார்கள். அறிவைச் சோதிக்கும் கேள்விகளுக்குப் பதில் எழுதிய பிறகு, அது 39 சதவீதமாக இறங்கியது. திருநர் பற்றிய நம்பிக்கை 37-லிருந்து 20 சதவீதத்துக்கும் கீழே போனது. இன்னொன்றையும் கவனியுங்கள்: கற்றுக்கொள்ள ஆர்வம் இருப்பதாகச் சொன்னவர்கள் ஏறக்குறைய 70 சதவீதம். அதாவது, குறை மனதில் இல்லை. யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

சொல்லித்தரும் முயற்சிகள் அங்கே தொடங்கிவிட்டன. ஃபுளோரிடாவின் மொஃபிட் புற்றுநோய் மையத்தைச் சேர்ந்தவர்கள் புற்றுநோய் மருத்துவர்களுக்கென்றே ஒரு பாடத்திட்டம் உருவாக்கினார்கள். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில், நோயாளியாக நடிப்பவரோடு பேசிப் பழகும் முறை உண்டு. நீச்சலைப் போல, பேச்சையும் செய்துபார்த்துத்தான் கற்க முடியும் என்பதை அவர்கள் உணர்ந்திருக்கிறார்கள்.

அப்படி என்னதான் பழக வேண்டும்? முதலில், காரணத்தைச் சொல்லிவிட்டுக் கேட்பது. “எந்தப் பரிசோதனை தேவைன்னு முடிவு பண்றதுக்காக, வர்ற எல்லார்கிட்டயும் இதைக் கேக்கறேன். நீங்க சொல்றது சிகிச்சைக்கு மட்டும்தான்.” இப்படித் தொடங்கினால் அடுத்த கேள்வி விசாரணையாகத் தோன்றாது. இரண்டாவது, “உங்களை எப்படிக் கூப்பிடணும்?” என்று கேட்டு, அந்தப் பெயரையே காத்திருப்போர் கூடத்திலும் அழைப்பது. பழைய பெயரை உரக்கக் கூப்பிட்டால் நூறு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படி அவமானப்பட்டவர் அடுத்த கீமோவுக்கு வரத் தயங்குவார். தவறிப்போய்ச் சொல்லிவிட்டால், “மன்னிச்சுக்குங்க” என்று திருத்திக்கொண்டு மேலே போக வேண்டும். மூன்றாவது, தேவையில்லாததைக் கேட்காமல் இருப்பது. தொண்டைப் புற்றுநோய்க்கு வந்த திருநங்கையிடம் கீழே என்ன ஆபரேஷன் நடந்தது என்று கேட்பது வெறும் ஆர்வக்கோளாறு.

நான்காவது, உடன் இருப்பவரைப் பற்றியது. “ரத்த சொந்தம் யாராச்சும் வந்திருக்காங்களா?” என்று கேட்கும்போது, பல ஆண்டுகள் உடன் வாழ்ந்த துணை ஒதுங்கி நிற்க நேர்கிறது. “உங்களுக்கு நெருக்கமானவங்க யாரு? யார்கிட்ட விவரம் சொல்லலாம், யார்கிட்ட சொல்லக் கூடாது?” என்று நோயாளியிடமே கேட்டுக் கேஸ் ஷீட்டில் எழுதிவைக்க வேண்டும். பெற்றோருக்குத் தெரியாத ஒன்றை மருத்துவமனை போட்டு உடைத்துவிட்டால், அவருக்கு வீடே இல்லாமல் போகலாம்.

இந்தப் பயிற்சிக்கான சட்ட அடித்தளம் நம் நாட்டிலேயே இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, மருத்துவப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்யச் சொல்கிறது. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அளித்த உத்தரவு, மருத்துவத் துறையினருக்கும் விழிப்புணர்வுப் பயிற்சி வேண்டும் என்றது. 2025 மே மாதம் அதே நீதிமன்றம், குடும்பம் திருமணத்தால் மட்டுமே அமைவதில்லை, தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பமும் குடும்பமே என்று கூறியது.

ஆனால் பயிற்சியை மருத்துவரோடு நிறுத்திவிடக் கூடாது. நோயாளி முதலில் சந்திப்பது வாசல் காவலரையும் சீட்டு எழுதுபவரையும்தான். ஸ்கேன் அறையில் உடை மாற்றச் சொல்பவரும், எந்த வார்டில் படுக்கை என்று முடிவு செய்பவரும் இதைக் கற்க வேண்டும். புற்றுநோயை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோமோ அவ்வளவுக்குப் பிழைக்கும் வாய்ப்பு கூடும். அதற்கு நோயாளி தயங்காமல் வர வேண்டும், மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தத் தயக்கத்தைப் போக்குவது மருத்துவமனையின் கடமை. அதைச் செய்யும் திறமை யாருக்கும் பிறவியிலேயே வருவதில்லை. ஊசி போடக் கற்றது போலவே இதையும் கற்றுக்கொள்ள முடியும்.