எசமானை இழந்த வாள்வீரர்கள்
யப்பானிய சாமுராய்த் திரைப்படங்கள் - ஒரு நோக்கு

சாமுராய்ப் படம் என்றதும் வாள் மின்னுவதும் குருதி பாய்வதும்தான் பலருக்கு நினைவில் எழும். அத்தகைய படங்கள் ஏராளம் உண்டு. ஆயினும் 1950களிலும் 1960களிலும் யப்பானிய நெறியாளர்கள் ஆக்கிய தலைசிறந்த படங்கள் பலவற்றின் நாயகன், எசமானை இழந்து ஊதியமும் உறைவிடமும் இன்றித் தெருவில் நிற்பவன். இவனை யப்பானியர் 'ரோனின்' என்பர். அலைபோல் அலையும் மனிதன் என்பது அச்சொல்லின் பொருள்.

அகிரா குரோசாவாவின் 'ஏழு சாமுராய்கள்' (1954) உலகறிந்த படம். 16ஆம் நூற்றாண்டுப் போர்க்காலத்தில், கொள்ளையரிடமிருந்து தம் விளைச்சலைக் காக்க ஏழை உழவர்கள் வீரர் எழுவரை அமர்த்துகின்றனர். கூலி வெறும் சோறுதான். போரில் நால்வர் மாள்கின்றனர். வாட்போரில் நிகரற்றவனும் அவர்களுள் ஒருவன். நால்வரையும் வீழ்த்துவது துவக்குச் சூடே. எஞ்சிய மூவர் தோழரின் புதைமேடுகளை நோக்கி நிற்க, உழவர்கள் பாட்டிசைத்து நாற்று நடுகின்றனர். வெற்றி அவர்களுடையதே என்கிறார் மூத்த வீரர் கம்பெய்.

அடுத்த நூற்றாண்டில் நிலைமை மேலும் கடுமையாயிற்று. 1600இல் செக்கிகஹாராப் போரில் வென்ற தொக்குகாவா குடும்பம், 1603 முதல் நாட்டை ஆண்டது. அது பிரபுக்கள் பலரின் நிலங்களைப் பறித்தது. ஒரு பிரபுவின் வீடு கலைக்கப்பட்டால், அவனை நம்பிய வீரர் குடும்பங்கள் யாவும் நாதியற்றுப் போயின. போரும் ஓய்ந்துவிட்டமையால் வாளுக்கு வேலை இருக்கவில்லை.

இக்காலத்தைக் காட்டுவதே மசாக்கி கொபயாஷியின் 'ஹரகிரி' (1962). 1630ஆம் ஆண்டில், ஹன்ஷிரோ என்ற ரோனின் ஈயி பிரபுவின் மாளிகைக்கு வந்து, அதன் முன்றிலில் வயிறு கிழித்து மாய அனுமதி கேட்கிறான். முன்பு இவ்வாறே வந்த ஓர் இளைஞன், பிச்சை பெறவே நாடகமாடுகிறான் என்று கருதப்பட்டு, உண்மையாகவே சாகும்படி கட்டாயப்படுத்தப்பட்டவன். அவனிடம் இருந்ததோ மூங்கில் வாள்! நோயுற்ற மனைவிக்காகத் தன் வாட்களை அவன் விற்றிருந்தான். அவன் ஹன்ஷிரோவின் மருமகன். தன் வாளை விற்கலாம் என்ற எண்ணமே தனக்கு எழவில்லையே என அந்த மாமன் புலம்பும் காட்சி, வாட்போர்க் காட்சிகள் அனைத்திலும் வலியது. தாத்சுயா நக்கதாயின் நடிப்பு அங்கே உச்சத்தைத் தொடுகிறது.

கொபயாஷி இரண்டாம் உலகப் போரில் கட்டாயப்படைக்கு எடுக்கப்பட்டவர். பதவி உயர்வை மறுத்துச் சாதாரணச் சிப்பாயாகவே இருந்தவர். கண்மூடிய கீழ்ப்படிவு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நேரிற் கண்ட அவரது கோபம் இப்படம் முழுவதும் கனல்கிறது. 1963இல் கேன்ஸ் விழாவில் இதற்கு நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு கிடைத்தது.

படம் மாளிகையின் நாட்குறிப்பேட்டுடன் தொடங்கி அதனுடனேயே முடிகிறது. ஹன்ஷிரோவின் வாளுக்கு இரையான வீட்டு வீரர்கள் நோயால் இறந்தனர் என்று அதில் எழுதப்படுகிறது. குருதி கழுவப்படுகிறது, உடைந்து கிடந்த மூதாதையரின் போர்க்கவசம் மீண்டும் பீடத்தில் அமர்த்தப்படுகிறது. நடந்ததைக் கூறியவன் உயிருடன் இல்லை. அதிகாரியின் கோப்பில் தம் கதை எவ்விதம் எழுதப்படுமோ என்று காத்திருக்கும் எம்மவர்க்கு இக்காட்சியை எவரும் விளக்கவேண்டியதில்லை.

இரு படங்களும் கறுப்பு வெள்ளையில் ஆனவை. மொழி அறியாதோர் துணைத் தலைப்புகளுடன் பார்க்கலாம். 'ஏழு சாமுராய்கள்' ஏறத்தாழ மூன்றரை மணிநேரம் ஓடும். வளர்ந்த பிள்ளைகளுடன் இருந்து பார்க்க ஏற்றது. 'ஹரகிரி'யில் இளைஞன் மாயும் காட்சி மிகக் கொடியது. சிறுவர் உறங்கியபின் பார்ப்பதே நன்று.