கருவி மாறும்போது காலமும் சுருதியும்



ஒரு கருவிக்கென இயற்றப்பட்ட இசையை மற்றொரு கருவிக்கு ஏற்ப மாற்றி எழுதுவது ஐரோப்பிய இசையில் நெடுநாளைய வழக்கம். அவ்வாறு மாற்றுகையில் எதைக் காத்தல் வேண்டும், எதை விட்டுக்கொடுத்தல் தகும் என்னும் வினா எழுகிறது. இவ்வினாவை ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு ஆராய்வோம். டொமினிகோ ஸ்கார்லட்டி என்பார் ஹார்ப்ஸிகார்டு என்னும் கருவிக்காக இயற்றிய டி மைனர் ஸொனாட்டா ஒன்றுண்டு. அவருடைய 555 ஸொனாட்டாக்களுக்கு ரால்ஃப் கிர்க்பாட்ரிக் 1953இல் வகுத்த வரிசையில் அது 141ஆம் எண் பெற்றது. அதனை இன்று அக்கார்டியன் கலைஞர்களும் விரும்பி வாசிக்கிறார்கள்.

ஸ்கார்லட்டி 1685இல் நேப்பிள்ஸ் நகரில் பிறந்தார். 1757இல் மாட்ரிட் நகரில் மறைந்தார். போர்ச்சுகல் நாட்டு இளவரசியாக இருந்து பின்னர் ஸ்பெயின் நாட்டு அரசியான மரியா பார்பராவுக்கு இசையாசிரியராக விளங்கினார். அவர் பயன்படுத்திய ஹார்ப்ஸிகார்டில், கட்டையை அழுத்தியதும் சிறு இறகுமுனை ஒன்று தந்தியை மீட்டும். எழுந்த ஒலி உடனே தேயத் தொடங்கும். விரலை வன்மையாக அழுத்தினாலும் ஒலி அவ்வளவாகப் பெருகாது.

அக்கார்டியனின் இயல்பு இதற்கு நேர்மாறானது. 1829இல் வியன்னா நகரில் சிரில் டெமியான் என்பவர் உரிமம் பெற்ற கருவியிலிருந்து வளர்ந்தது அது. நாம் அறிந்த ஆர்மோனியத்தைப் போலவே, துருத்தியின் காற்று ரீடு எனப்படும் உலோக நாக்கை அதிரச் செய்ய ஒலி பிறக்கிறது. காற்று உள்ளவரை ஒலி தேயாது. துருத்தியின் விசையால் அதனைப் பெருக்கவும் சுருக்கவும் இயலும்.

இனி, காலப்பிரமாணத்தைக் காண்போம். இந்த ஸொனாட்டாவின் தலைப்பில் உள்ள சொல் 'அலெக்ரோ' என்பது. இத்தாலிய மொழியில் அதற்கு மகிழ்ச்சியான, உற்சாகமான என்று பொருள். அது ஒரு மனநிலையைச் சுட்டுகிறதேயன்றி எண்ணைச் சுட்டவில்லை. ஆனால் இன்று அச்சிடப்படும் பிரதிகள் சிலவற்றில், நிமிடத்திற்கு இத்தனை தட்டு என்னும் எண்ணும் காணப்படும். மேல்ட்ஸெல் மெட்ரனோம் கருவிக்கு உரிமம் பெற்றது 1815இல். ஸ்கார்லட்டி மறைந்து 58 ஆண்டுகளுக்குப் பின். ஆகவே அந்த எண் ஸ்கார்லட்டியின் வாக்காக இருக்க வழியில்லை. பதிப்பித்தவரின் கருத்தே அது.

அந்தக் கருத்து எவ்வாறு பிறக்கிறது? ஒரு சிறு கணக்குப் போடுவோம். இந்த ஸொனாட்டாவில் ஒரே சுரம் ஓர் ஆவர்த்தத்தில் ஆறு முறை அடுத்தடுத்து ஒலிக்கும் இடங்கள் பல உண்டு. நிமிடத்திற்கு 60 ஆவர்த்தம் என்றால் நொடிக்கு 6 சுரம். 80 என்றால் நொடிக்கு 8 சுரம். அப்பொழுது ஒவ்வொரு சுரத்திற்கும் கிடைப்பது நொடியில் எட்டில் ஒரு பங்கே. ஹார்ப்ஸிகார்டில் மீட்டிய ஒலி தானே தேய்வதால் சுரங்கள் பிரிந்து கேட்கும். அக்கார்டியனிலோ ஒலி தானாகத் தேயாது. விரல் எழுந்தால்தான் இடைவெளி உண்டாகும். தாழ்ந்த சுரங்களின் கனமான நாக்குகள் அசையத் தொடங்கவும் சற்று நேரம் கொள்ளும். விரைவு மிகுந்தால் ஆறு சுரங்களும் ஒன்றாகக் கலந்து நீண்ட முழக்கமாகிவிடும். அப்பொழுது உற்சாகம் எங்கே? ஆதலால் தேர்ந்த கலைஞர், சுரங்கள் தெளிவாகப் பிரிந்து கேட்கும் எல்லைக்குள் தம் வேகத்தை அமைத்துக்கொள்கிறார். துருத்தியின் திசையையும் சொற்றொடர் முடியும் இடம் பார்த்தே மாற்றுகிறார்.

அடுத்தது சுருதி. டி மைனர் என்பது, டி என்னும் சுரத்தை ஆதாரமாகக் கொண்ட ஒரு சுரவரிசை. அதன் வடிவங்களில் ஒன்று நம் நடபைரவி மேளத்தையும், மற்றொன்று கீரவாணியையும் ஒத்தவை. ஆனால் பெயர் ஒன்றாயிருப்பதனால் ஒலியின் உயரமும் ஒன்றாயிருக்க வேண்டுவதில்லை. இக்காலத்தில் 'ஏ' சுரத்திற்கு நொடிக்கு 440 அதிர்வு என்பது பொது அளவு. பழைய இசையை வாசிக்கும் குழுவினர் பலர் 415 என்று வைத்துக்கொள்வர். அது ஏறத்தாழ அரைச்சுரம் குறைவு. ஹார்ப்ஸிகார்டின் தந்தியை முறுக்கியோ தளர்த்தியோ இதனைச் செய்யலாம். அக்கார்டியனின் நாக்குகளோ அராவித் திருத்தப்பட்டவை. வாசிப்பவர் நினைத்தவுடன் மாற்ற இயலாது.

கற்பவர்க்கு எளிதாக்க வேண்டிச் சிலர் ஆதார சுருதியையே வேறிடத்திற்கு மாற்றி எழுதுவதும் உண்டு. இதில் ஒரு விந்தை உளது. இடக்கைப் பொத்தான்கள் ஐந்தாம் சுர முறையில் வரிசையாக அமைந்திருப்பதால், சுருதி மாறினாலும் அங்கே விரல்களின் போக்கு மாறுவதில்லை. வரிசை மட்டும் நகரும். வலக்கையிலோ வெள்ளைக் கட்டைகளும் கறுப்புக் கட்டைகளும் இடம் மாறிப்போவதால் விரலமைப்பு முழுவதையும் புதிதாகக் கற்க வேண்டும். மேலும், சாதாரண வகை அக்கார்டியனின் இடக்கை மந்திர சுரங்கள் ஒரே ஸ்தாயி அளவினுள் அடங்கியவை. படிப்படியாக இறங்கிவரும் சுரவரிசை அங்கே இடையில் திடீரென மேலே தாவும். இக்குறை நீங்கவே, ஒவ்வொரு சுரமும் தன் ஸ்தாயியில் ஒலிக்கும் தனிப் பொத்தான் அமைப்புடைய கருவிகள் தோன்றின. ஸ்கார்லட்டியின் இடக்கைப் பகுதி அவற்றில்தான் உருக்குலையாமல் ஒலிக்கிறது.

தலைமையாசிரியனாகப் பணியாற்றிய காலத்தில், பாடநூலின் எந்த வாக்கியத்தைப் படித்தாலும் 'இதைச் சொன்னவர் யார்?' என்று கேட்கும்படி மாணவர்களைத் தூண்டுவது என் வழக்கம். இசைத்தாளுக்கும் இவ்வினா பொருந்தும். சுரங்களும் டி மைனரும் அலெக்ரோவும் பழைய படிகள் வழியே நமக்கு வந்தவை. மெட்ரனோம் எண்ணும், துருத்திக் குறிகளும், மாற்றிய சுருதியும் பின்வந்தோர் சேர்த்தவை. முன்னவற்றை மதித்துப் போற்றுக. பின்னவற்றை ஆய்ந்து கொள்ளுக. அச்சில் உள்ளது அனைத்தும் ஆசிரியர் வாக்கே என்று மயங்குபவன், பிறர் கருத்துக்குத் தன் செவியை அடகு வைத்தவனாவான். எது யாருடையது என்று பிரித்தறிந்தவனோ, எந்த வேகத்தில் அந்த உற்சாகம் உயிர் பெறுகிறது என்பதைத் தன் விரலாலும் செவியாலும் தானே தேடிக் காண்பான். கருவி மாறினும் இசை அழியாது வாழ்வது அத்தகையோரால்தான்.