பித்தும் கழறலும்: அன்னபூர்ணா ஏற்றம் பற்றிய இரு நூல்கள்

மலையுச்சியை நாடிச் சாவின் விளிம்புவரை சென்று மீண்டோர் எழுதிய நூல்கள் மேனாட்டு இலக்கியத்தில் ஒரு தனி வகையாகவே வளர்ந்துள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை, ஏறியவன் தன் வேட்கையையும் மயக்கத்தையும் தன் வாயாலேயே கூறுவன. பித்துற்றவன் கூற்று அவன் பித்திற்குச் சான்றாகும். நிகழ்ந்தவற்றிற்கும் அதுவே போதிய சான்றாகுமோ என்பது ஈண்டு யாம் ஆராயப் புகுந்த வினா. இதன்பொருட்டு இமயத்து அன்னபூர்ணா ஏற்றம் பற்றிய இரு பிரெஞ்சு நூல்களை எடுத்துக்கொள்கின்றோம். ஒரே நாளில் ஒரே சரிவில் அருகருகே நடந்த இருவர் எழுதியவை அவை. ஒருவர் நூல் உடனே உலகெங்கும் பரவியது. மற்றவர் நூலின் முதற்பதிப்பிற்கும் முழுப்பதிப்பிற்கும் இடையே நாற்பது ஆண்டுகள் கழிந்தன.

8,091 மீட்டர் உயரமுள்ள அன்னபூர்ணாவின் உச்சியை 1950-ஆம் ஆண்டு சூன் 3-ஆம் நாள் மோரிஸ் ஹெர்சோக் என்பாரும் லூயி லாஷனால் என்பாரும் அடைந்தனர். எண்ணாயிரம் மீட்டரைக் கடந்த 14 மலைகளுள் மாந்தர் முதன்முதல் உச்சி கண்டது இதுவே. ஹெர்சோக் அப்பிரெஞ்சுக் குழுவின் தலைவர். லாஷனால், ஷாமொனி என்னும் ஆல்ப்சு மலையூரில் பிறரை ஏற்றிச் செல்வதையே தொழிலாகக் கொண்ட வழிகாட்டி. இருவரும் உயிர்வளிக் கலம் கொண்டு சென்றிலர். அவ்வுயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதன் மூன்றிலொரு பங்களவாகக் குறைந்துவிடும். உடல் தளர்வதோடு அறிவும் மழுங்கும். இறங்கும்போது ஹெர்சோக் தம் கையுறைகளைத் தவறவிட்டார். அவை சரிவில் உருண்டு போவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். கையுறைக்கு மாற்றாகவே எப்போதும் எடுத்துச்செல்லும் காலுறைகள் அவர் பையில் இருந்தன. அவற்றை அணியலாம் என்னும் நினைவே தமக்கு எழவில்லை என்று பின்னர் அவரே எழுதுகின்றார். அதன் விளைவாகக் கைவிரல்கள் பெரும்பாலும் அழிந்தன. எனவே, 1951-இல் வெளிவந்த தம் நூலை அவர் மருத்துவமனையில் இருந்தவாறு வாயாற் சொல்லிப் பிறரைக்கொண்டு எழுதுவித்தார். பன்மொழிகளிற் பெயர்க்கப்பெற்ற அந்நூல் கோடிக்கு மேற்பட்ட படிகள் விற்றது என்பர்.

அந்நூலின் உச்சிப்பகுதி ஆராயத்தக்கது. தம்மைச் சூழ்ந்த உலகு தாம் அறிந்த மலையுலகன்று என்றும், மண்ணோடு தமக்கிருந்த பிணிப்பெல்லாம் அறுந்தது போன்ற உணர்வு எழுந்தது என்றும் ஹெர்சோக் கூறுகின்றார். ஆவிலா நகரத்துத் தெரேசா அம்மையார் கூறிய ஏணியும் அப்போது அவர் நினைவிற்கு வருகின்றது. இது சமயத் துறவியர் மொழி. மலையேற்ற நூலுக்கு இது புதிதன்று. 1336-இல் வாந்து மலையேறிய பெத்ரார்க்கு உச்சியில் நின்று அகுத்தீனார் நூலைப் பிரித்துப் படித்ததாக எழுதிய காலந்தொட்டே, உச்சியில் உள்ளம் வேறொன்றைக் காணும் என்பது இவ்வகை நூல்களின் மரபாயிற்று. ஹெர்சோக் பொய் கூறினார் என்பது எம் கருத்தன்று. அவர் அடைந்த இன்பம் மெய்யே. ஆனால், வளி குன்றிய மூளையில் எழுந்த மயக்கத்தையும் அவர் முன்பே படித்தறிந்த மரபுமொழியையும் பிரித்துக் காண அவர் நூல் ஒன்றே கொண்டு இயலாது. அதற்கு உடனிருந்தவன் கூற்று வேண்டும்.

நிற்க. உடனிருந்தவன் கூற்றின் பயன் நம் அகத்திணை மரபு நன்கறிந்த ஒன்று. தொல்காப்பியர் களவியலில் வேட்கை முதலாக நிரல்பட வைக்கும் நிலைகளுள் மயக்கத்தை அடுத்து நிற்பது சாக்காடு. அவ்வேட்கையுடையானை இடித்துரைக்கப் பாங்கன் என்றொரு மாந்தனையும் நம் புலவர் படைத்தனர். பாங்கன் கழறுவான், தலைவன் அதனை மறுப்பான், மறுத்தபின் பாங்கன் அவனைக் கைவிடாது அவன் வழியே துணைசெய்வான். இச்சொற்களை யாம் ஒப்புமைக்காகக் கொணர்ந்தேமல்லேம். லாஷனாலின் நிலையைக் குறிக்க இவற்றினும் பொருத்தமான சொற்கள் எமக்குக் கிட்டவில்லை.

உச்சிக்குச் செல்லும் வழியிலேயே லாஷனாலுக்குக் கால்கள் உணர்விழந்தன. தாம் திரும்பினால் ஹெர்சோக் என்செய்வார் என்று வினவினார். தனியே செல்வேன் என்பது விடை. அவ்வாறாயின் தாமும் வருவதாகக் கூறித் தொடர்ந்தார். இவ்வளவே ஹெர்சோக் நூலில் உள்ளது. அதைப் படிப்போர்க்கு லாஷனால் ஒருகணம் தளர்ந்து, பின்னர்த் தலைவரின் உறுதியால் ஊக்கம் பெற்றவராகவே தோன்றுவார். லாஷனால் எழுதிவைத்த குறிப்புரையோ வேறு கூறுகின்றது. அவருக்கு அன்னபூர்ணா ஏனைய மலைகள் போல்வதொரு மலை. அதற்காகக் கால்களை இழக்க அவர் உடன்படவில்லை. நாட்டின் இளைஞர்க்கெனத் தம் கால்களைக் கொடுக்கக் கடமைப்பட்டவராகவும் அவர் தம்மைக் கருதவில்லை. ஆனால், ஹெர்சோக் தனியே சென்றால் மீளமாட்டார் என்பதை அவர் உணர்ந்தார். அவர்பொருட்டே, அவர் ஒருவர்பொருட்டே, தாம் திரும்பவில்லை என்கின்றார். உச்சியில் அவர் உற்றது பேரின்பமன்று, துன்பம் கலந்த வெறுமை. இறங்கவேண்டும் என்பதொன்றே அவர் நினைவு. வழிகாட்டிக்குக் காலே பிழைப்பு என்பதை ஈண்டு மறத்தலாகாது. மீண்டபின் அவர் கால்விரல்கள் அனைத்தும் களையப்பெற்றன.

இறங்குகையில் நேர்ந்ததொரு நிகழ்ச்சியும் நோக்கற்பாலது. ஐந்தாம் கூடாரத்திற்குக் கீழே தடுமாறி வீழ்ந்து கிடந்த லாஷனாலைத் தோழர் லியோனல் தெரே கண்டார். உடனே இரண்டாம் கூடாரத்திற்குக் கொண்டுசெல்லுமாறு லாஷனால் மன்றாடினார். பொழுது சாயும் நேரம். அது நடவாத செயல். ஆதலின் படிப்போர் அதனைப் பிதற்றலென்றே கொள்வர். ஆயின், மருத்துவர் கீழேதான் இருந்தார். ஊசிமருந்து விரைவிற் கிட்டினாலன்றிக் கால்கள் பிழையா என்னும் அச்சமே அம்மன்றாட்டின் காரணம். கூடாரத்தில் தம் கால் கெடுகின்றதென்று அறிந்து அரற்றியவர் பித்தர்போல் தோன்ற, உச்சியில் கைகெடுவதை அறியாது மகிழ்ந்தவர் தெளிந்தவர்போல் தோன்றுகின்றார். கூற்று ஒருவர் கையில் இருந்ததால் நேர்ந்த மாற்றம் இது.

அது ஒருவர் கையில் இருந்ததற்கும் காரணம் உண்டு. ஐந்தாண்டுகளுக்கு ஏதும் வெளியிடுவதில்லை என்று குழுவினர் அனைவரும் முன்னரே ஒப்பமிட்டிருந்தனர். அக்கெடு முடிந்த 1955-ஆம் ஆண்டு நவம்பர் 25-ஆம் நாள், லாஷனால் பனிச்சறுக்கின்போது வெண்பள்ளத்தாக்கின் பனிப்பிளவொன்றில் வீழ்ந்து இறந்தார். அவர் ஏடுகளைத் தொகுத்து மறு ஆண்டு வெளியிட்டவர் ஜெரார் ஹெர்சோக். மோரிஸ் ஹெர்சோக்கின் உடன்பிறந்தார். அன்னபூர்ணா நாட்குறிப்பு அப்பதிப்பிற் சுருக்கப்பெற்றது. மேற்காட்டிய குறிப்புரை இடம்பெறவில்லை. 1996-இல் ஷாமொனியில் கெரான் பதிப்பகத்தார் மூலத்தை முழுமையாக அச்சிட்ட பின்னரே அது கற்போர் கைக்கு வந்தது. ஏடு சிதைந்து பாடம் கெடுதலை நாம் அறிவோம். இங்கு ஏடு சிதையவில்லை. பதிப்பித்தோர் கையாற் பாடம் குறைந்தது.

இதனால் லாஷனால் கூற்றே முற்றும் மெய் என்று துணிதலும் தவறாம். அக்குறிப்புரை நிகழ்ச்சிக்குச் சில ஆண்டுகள் பின்னர், விரலிழந்த ஒருவர், மற்றவர் புகழ் வளர்வதைக் கண்டவாறு எழுதியது. ஆயினும் அவர் தம்மை வீரராகக் காட்டிக்கொள்ளவில்லை. உச்சி தமக்கு இன்பம் தந்ததென்றும் கூறவில்லை. தமக்குப் புகழ் தாராத இக்கூற்றுகளை நம்புதற்கு யாம் தயங்குகின்றிலேம். மலையேற்ற இலக்கியம் பற்றி 1996-க்கு முன் எழுதப்பெற்ற ஆராய்ச்சிகள் ஹெர்சோக் நூலையும் குறைப்பதிப்பையுமே அடிப்படையாகக் கொண்டவை. அவற்றுள் லாஷனாலைப் பற்றிக் கூறப்படுவனவற்றை முழுப்பதிப்போடு ஒத்திட்டுப் பார்த்தே மாணாக்கர் எடுத்தாளவேண்டும்.