துருவ நட்சத்திரம் தலைக்கு மேல் வருமா? கோளரங்கம் செய்யும் வித்தை

கோவில்பட்டிக்குத் தெற்கே, இடைசெவலில் மொட்டை மாடி ஏறி வடக்கே பார்த்தால், துருவ நட்சத்திரம் அடிவானத்தை ஒட்டியே இருக்கும். ஊர் சுமார் 9 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால், அந்த நட்சத்திரமும் தரையிலிருந்து ஏறக்குறைய 9 டிகிரி உயரத்தில்தான் தெரியும். குறுக்கே ஒரு வேப்பமரம் நின்றால் போச்சு!

அதே நட்சத்திரம் வட துருவத்தில் உச்சந்தலைக்கு மேல் நிற்கும். ஏன்? இதைக் கரும்பலகையில் புரியவைப்பது கஷ்டம். கோளரங்கத்தில் சில நொடிகள் போதும்.

ஆரம்பம் எப்படி?

எழுத்தாளர் கு. அழகிரிசாமி இடைசெவலில் பிறந்தது 1923 செப்டம்பரில். அதற்கு அடுத்த மாதம் ஜெர்மனியின் மியூனிக்கில், கார்ல் ஜெய்ஸ் நிறுவனம் தன் முதல் கோளரங்கக் கருவியை இயக்கிக் காட்டியது. உருண்டைக்குள் ஒரு விளக்கு, சுற்றிலும் லென்ஸ்கள். சுமார் 4,500 நட்சத்திரங்கள் குவிமாடக் கூரையில் ஒளிர்ந்தன. மோட்டார் சுழன்றதும் ஓர் இரவு சில நிமிடங்களில் ஓடி முடிந்தது. ஆனால், அது காட்டியது மியூனிக் வானத்தை மட்டும்தான். எந்த ஊர் வானத்தையும் காட்டும் கருவி அதன்பிறகே வந்தது.

இப்போது என்ன மாற்றம்?

இன்றைய டிஜிட்டல் கோளரங்கத்தில் நட்சத்திரங்களின் இடமும் தூரமும் கணினியில் இருக்கும். கையா விண்கலம் மட்டுமே 180 கோடிக்கும் அதிகமான விண்பொருட்களை அளந்து கொடுத்திருக்கிறது. புரொஜெக்டர்கள் அதைக் குவிமாடம் முழுக்கப் பரப்பும். கார்த்திகைக் கூட்டத்தைத் தரையிலிருந்தும் பார்க்கலாம். அதன் பக்கத்தில் 'பறந்து போயும்' பார்க்கலாம். காட்சி கண்ணின் ஓரம்வரை நிரம்புவதால், நாற்காலியே நகர்வதுபோல் தோன்றும்.

சென்னை பிர்லா கோளரங்கம் 1988-ல் திறக்கப்பட்டது. கரிசல் பிள்ளைகளுக்குப் பக்கம் திருநெல்வேலி மாவட்ட அறிவியல் மையம். அங்கேயும் கோளரங்கக் காட்சி உண்டு.

அப்போ நிஜ வானம்?

நகரத்துப் பிள்ளைக்குக் கோளரங்கம் இருக்கிறது, இருட்டு இல்லை. கிராமத்துப் பிள்ளைக்கு இருட்டு இருக்கிறது, விளக்கிச் சொல்ல ஆள் இல்லை. தெருவிளக்குகள் பெருகப் பெருக அந்த இருட்டும் குறைகிறது.

செல்போனில் 'ஸ்டெல்லேரியம்' செயலியைச் சிவப்பு ஒளிக்கு மாற்றிவிட்டு மாடிக்குப் போங்கள். கண் இருட்டுக்குப் பழக 20 நிமிடமாவது ஆகும். கோளரங்கத்தில் பார்த்ததை வானத்தில் அடையாளம் கண்டால்தான் டிக்கெட் காசு செரிக்கும்.