எஃகும் அயரும்

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது பழமொழி. எஃகின் நிலையும் ஏறத்தாழ அத்தகையதே. ஒரே தடவையில் ஒன்றும் செய்ய இயலாத சிறு சுமை, பல இலட்சம் தடவை ஏறி இறங்கினால் உறுதியான எஃகுச் சட்டத்தையும் முறித்துவிடும். இதனை உலோக அயர்ச்சி என்பர்.

இதனை முறைப்படி ஆராய்ந்தவர் ஜெர்மானிய ரயில்வேப் பொறியாளர் ஆகுஸ்ட் வோலர். வண்டி அச்சுகள் முறிவதன் காரணத்தை அறிய, 1850களிலும் 1860களிலும் அவர் பல சோதனைகள் நடத்தினார். சுமையின் உச்ச அளவைக் காட்டிலும், அது ஏறி இறங்கும் வீச்சே ஆயுளைப் பெரிதும் தீர்மானிக்கின்றது என்று கண்டார்.

பற்றவைத்த இணைப்புகளில் அயர்ச்சி இன்னும் விரைந்து தோன்றும். உருகி இறுகிய உலோகம் தகட்டோடு சேரும் ஓரத்தில் விசை குவிகின்றது. அவ்வோரத்திலேயே கண்ணுக்குப் புலப்படாத நுண்பிளவுகளும் இருப்பதுண்டு. சூடு ஆறிச் சுருங்கும்போது இழுவிசை உள்ளே தங்கிவிடுகின்றது. ஆகவே, உறுதி மிக்க எஃகைப் பயன்படுத்தினால் இணைப்பின் ஆயுளும் நீளும் என எண்ணுவது பிழையாகும். பிளவு வளரும் வேகம் எவ்வகை எஃகிலும் பெரிதாக வேறுபடுவதில்லை. இணைப்பின் வடிவமே முதன்மையானது.

ஆயுளைக் கணிப்பது எங்ஙனம்? பற்றவைத்த இணைப்பில் விசையின் வீச்சு இரு மடங்கானால் ஆயுள் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகக் குறையும். ஓர் இணைப்பு குறிப்பிட்ட வீச்சினை 20 இலட்சம் தடவை தாங்குமெனக் கொள்வோம். அதன் பாதி வீச்சினை 160 இலட்சம் தடவை தாங்கும். முன்னது 5 இலட்சம் தடவை நிகழ்ந்தால் ஆயுளில் காற்பங்கு கழியும்; பின்னது 80 இலட்சம் தடவை நிகழ்ந்தால் அரைப்பங்கு கழியும். எஞ்சுவது காற்பங்கே. இவ்வாறு பங்குகளைக் கூட்டும் முறையை 1924இல் சுவீடனின் பால்ம்கிரனும், 1945இல் அமெரிக்கரான மைனரும் எடுத்துரைத்தனர்.

ஆனால், கணக்கில் சேராத இணைப்புக்கு இம்முறை காவலாகாது. வடகடலில் எண்ணெய்த் தொழிலாளர் தங்கியிருந்த அலெக்சாண்டர் கீலண்ட் என்னும் ஐங்கால் மிதவை மேடை, 1980 மார்ச் 27ஆம் நாள் கவிழ்ந்தது. அதிலிருந்த 212 பேரில் 123 பேர் மாண்டனர். மேடையின் கால் ஒன்றைத் தாங்கிய குழாயில், நீருக்கடியில் ஒலியறியும் கருவிக்கென ஒரு சிறு தாங்கியைப் பற்றவைத்திருந்தனர். கருவியைப் பொருத்துவதற்கான துணையுறுப்பாக மட்டுமே அது கருதப்பட்டது. அதன் 6 மில்லிமீட்டர்ப் பற்றவைப்பில்தான் பிளவு தொடங்கியது. பிளவினுள்ளே வண்ணப்பூச்சு காணப்பட்டது. அதாவது, 1976இல் மேடை கடலுக்குச் செல்லுமுன்னரே அங்குப் பிளவு இருந்தது!

ஆறு விநாடிக்கு ஓர் அலை எனக் கொண்டாலும், ஆண்டொன்றுக்கு 50 இலட்சம் அலைகளுக்கு மேல் மோதும். நான்காண்டுக்குள் பிளவு குழாயைச் சுற்றி வளர்ந்தது. அக்குழாய் முறிந்ததும் அதன் சுமை மற்றக் குழாய்களின்மேல் விழுந்தது. அவையும் அடுத்தடுத்து முறிய, கால் கழன்றது. அரைமணி நேரத்துக்குள் மேடை தலைகீழாயிற்று.

தாங்கி சிறிது, எனினும் அது பற்றவைக்கப்பட்ட குழாய் மேடையின் உயிர்நாடி. கட்டமைப்பின் ஆயுளைக் கணிப்போர் பெரிய உறுப்புகளோடு நின்றுவிடலாகாது. அவற்றின்மேல் ஒட்டிய ஒவ்வொரு சிறு பற்றவைப்பையும் கணக்கிட்டு, பணி முடிந்தபின் சோதித்தல் வேண்டும்.