அவசர அடக்கமும் மறைந்துபோகும் உண்மையும்

எமது ஊர்களில் திடீர் மரணம் ஒன்று நிகழ்ந்தால், ஜனாஸா வீட்டில் நான் முதலில் கேட்கும் பேச்சு, "போஸ்ட்மோட்டம் இல்லாம எடுக்கேலாதா?" என்பதுதான். உடனே தெரிந்த அரசியல்வாதிக்கும் பொலிஸ் அதிகாரிக்கும் அழைப்புகள் போகின்றன. ஜனாஸாவை விரைவாக, கண்ணியமாக அடக்க வேண்டும் என்ற உணர்வை மார்க்கமே எமக்குக் கற்றுத்தந்தது. அதை நான் குறைகூற மாட்டேன். ஆனால், தான் எப்படி இறந்தேன் என்ற உண்மை வெளிவருவதும் மரணித்தவரின் உரிமை என்பதை அந்த அவசரத்தில் மறந்துவிடுகிறோம்.

விபத்து, தற்கொலை, சந்தேகத்துக்கிடமான மரணம் போன்றவற்றில், 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் கீழ் திடீர் மரண விசாரணை அதிகாரியோ நீதவானோ விசாரணை நடத்துகிறார். அவர் கேட்கும்போது சட்ட வைத்திய அதிகாரி பிரேத பரிசோதனை செய்கிறார். குற்றவாளி யார் என்று வைத்தியர் சொல்வதில்லை. மரணத்துக்கான காரணம் என்ன, காயங்கள் எத்தகையவை, அவை எவ்வாறு ஏற்பட்டிருக்கலாம் என்பதையே அவர் சொல்கிறார். தீர்ப்பு நீதிமன்றத்துடையது.

தீயில் கருகிய உடலின் மூச்சுக்குழாயில் புகைக்கரி இருந்தால், தீப்பற்றியபோது அவர் சுவாசித்துக்கொண்டிருந்தார் என்று அறியலாம். கழுத்தில் வெளியே தெரியாத காயம் உள்ளே தசையிலும் எலும்பிலும் தெரியலாம். இறந்தபின் இரத்தம் உடலின் கீழ்ப்பக்கத்தில் தேங்கி நிறம் மாறும். அந்த நிறம் இருக்கவேண்டிய இடத்தில் இல்லாவிட்டால், உடல் நகர்த்தப்பட்டதா என்ற கேள்வி எழும். அடக்கியபின் இத்தகைய தடயங்களில் பல அழிந்துவிடும். நீண்டகாலம் எஞ்சுபவை எலும்புகளே.

றக்பி வீரர் வஸீம் தாஜுதீனின் மரணத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். 2012 மே மாதம் நாரஹேன்பிட்டியில் எரிந்த காருக்குள் அவரது உடல் கிடைத்தது. வாகன விபத்து என்றே அப்போது கூறப்பட்டது. 2015 ஓகஸ்டில் தெஹிவளை மையவாடியிலிருந்து ஜனாஸா தோண்டியெடுக்கப்பட்டு மீண்டும் பரிசோதிக்கப்பட்டது. 2016 பெப்ரவரியில் நீதிமன்றம் அதனைக் கொலை என்றது. முதற் பரிசோதனையின் பின் சில உடற்பாகங்கள் காணாமற் போயிருந்தமை பெரும் சர்ச்சையானது. பரிசோதனை நடப்பது மட்டும் போதாது, அது நேர்மையாகவும் நடக்கவேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

மார்க்கம் இதைத் தடுக்கிறதா? குற்ற விசாரணைக்குத் தேவை ஏற்படும்போது பிரேத பரிசோதனை கூடும் என்று உலக முஸ்லிம் லீக்கின் மக்கா பிக்ஹு பேரவை 1987இல் தீர்மானித்தது. தேவையின் அளவைத் தாண்டக்கூடாது என்பதே இதில் அறிஞர்கள் வலியுறுத்தும் எல்லை.

ஆகவே செல்வாக்கைத் தேடி ஓடுவதை விட்டுவிட்டு, உரிய இடத்தில் உரிய கோரிக்கையை வைப்போம். நீண்டகால நோயாளி என்றால் கிளினிக் கொப்பியையும் மருந்துத் துண்டுகளையும் மரண விசாரணை அதிகாரியிடம் காட்டுங்கள். சந்தேகம் இல்லையென்று அவர் திருப்தியடைந்தால் பரிசோதனையின்றியே ஜனாஸாவை ஒப்படைக்க முடியும். பரிசோதனை அவசியமென்றால் விரைவாகச் செய்துதருமாறு கேளுங்கள். உடற்பாகம் ஏதும் எடுத்து வைக்கப்பட்டதா என்றும் விசாரியுங்கள். சந்தேகம் இருந்தால், குடும்ப மானம் கருதி அதை மறைக்காதீர்கள். குறிப்பாக, கணவன் வீட்டில் திடீரென இறந்த எமது பெண்பிள்ளைகளின் விடயத்தில் இந்த மௌனம் பெரும் அநீதியாகிவிடும்.

அடக்கம் சில மணிநேரம் தாமதமாகலாம். அநியாயமாகக் கொல்லப்பட்ட ஒருவருக்காக இவ்வுலகில் நாம் கொடுக்கக்கூடிய கடைசிச் சாட்சியம் அந்தச் சில மணிநேரத்தில்தான் இருக்கிறது.