ஊக்குநருக்கு மட்டும் தெரிஞ்சா போதுமா?



"கணக்கெல்லாம் அக்காதான் பார்க்குறாங்க, அவங்களைக் கேளுங்க." கூட்டமைப்பிலிருந்து குழுக்களைப் பார்க்கப் போனால் அடிக்கடி கிடைக்கும் பதில் இது. ஊக்குநர் மேல் நம்பிக்கை இருப்பது நல்லதுதான். ஆனால் அந்த அக்கா குடும்பத்தோடு திருப்பூருக்கு வேலைக்குப் போயிட்டா? மகள் பிரசவத்துக்காக மூணு மாசம் வெளியூரில் தங்கிட்டா? தவணை எந்தத் தேதி, பேங்கில் யாரைப் பார்க்கணும், தீர்மான நோட்டு யார் வீட்டில் இருக்கு என்று ஒருவருக்கும் தெரியாது. தவணை தவறினால் கெடுவது குழுவின் பெயர். அடுத்த கடனும் தள்ளிப்போகும்.

சேமிப்புப் பணத்தைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் உள்கடனாகச் சுற்ற விடுகிறோம். தெரிஞ்ச விஷயத்தையும் அப்படிச் சுற்ற விடணும்.

ஓர் உதாரணம். தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தில் உள்ள குழுக்களுக்கு ஈடு இல்லாமல் தரும் கடனின் வரம்பை ரிசர்வ் வங்கி 2021-ல் 10 லட்சத்திலிருந்து 20 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. இது ஊக்குநருக்கு மட்டும் தெரிந்திருக்கிறது என்று வையுங்கள். அவர் வராத நாளில் பேங்குக்குப் போன இரண்டு பேரிடம் யாராவது "ஈடு கொண்டு வாங்க" என்றால், தலையாட்டிவிட்டுத் திரும்பி வருவார்கள். எல்லோருக்கும் தெரிந்திருந்தால் ஒருத்தியாவது "ஏன் சார்?" என்று கேட்பாள்.

அதனால் பேங்குக்குப் போகும்போது மாசத்துக்கு ஒரு உறுப்பினரைக் கூடவே கூட்டிப் போங்கள். சலான் நிரப்புவதைப் பக்கத்தில் நின்று பார்த்தாலே பாதி பழகிடும். ஒருநாள் கூலி போகுதேன்னு சிலர் தயங்குவாங்க, நியாயம்தான். பஸ் செலவையாவது குழுவிலிருந்து தரலாம் என்று தீர்மானம் போட்டுக்கலாம்.

பயிற்சிக்கும் எப்பவும் அதே இரண்டு பேர்தான் போகிறார்கள். போய் வந்தவர் "சாப்பாடு நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துடக் கூடாது! அடுத்த கூட்டத்திலேயே, மறப்பதற்கு முன், கேட்டதை விளக்கிச் சொல்லணும்.

கூட்டத்தில் ஒவ்வொருவரின் சேமிப்பையும் கடன் பாக்கியையும் பேரேட்டிலிருந்து சத்தமாக வாசியுங்கள். உறுப்பினர்கள் தங்கள் பாஸ் புத்தகத்தோடு சரிபார்க்கட்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களை விட்டுவிட வேண்டாம். கணக்கை மனசில் வைத்திருப்பது பெரும்பாலும் அவங்கதான், தப்பு இருந்தால் முதலில் பிடிப்பதும் அவங்கதான்.

இன்னொன்று, கையெழுத்து மாற்றம். ஊக்குநரை மாற்றினால், உறுப்பினர்கள் கையெழுத்திட்ட தீர்மான நகலையும் புதியவரின் அடையாளச் சான்றுகளையும் பேங்கில் கொடுக்க வேண்டும். வேறென்ன தாள்கள் வேண்டும் என்று உங்கள் கிளையில் முன்கூட்டியே கேட்டு ஒரு தனி நோட்டில் எழுதி வையுங்கள். தவணைத் தேதியும் கணக்கு எண்ணும் அதிலேயே இருக்கட்டும். நோட்டு இருக்கும் இடம் அத்தனை பேருக்கும் தெரியணும். பழைய ஊக்குநர் ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே கையெழுத்தை மாற்றிவிடுங்கள். போன பிறகு அவரைத் தேடி அலைவது பெரும்பாடு.